ஐ7-4770 டெஸ்க்டாப்பா, ஐ5-1235யு லேப்டாப்பா: உண்மையில் எது வேகம்?

கேள்வி | பிட்டும்_பைட்டும்

இப்போதுள்ள டெஸ்க்டாப்: ஐ7-4770, டிடிஆர்3-1600 ரேம் 8+8 ஜிபி, சாட்டா எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி. மாற்றாகப் பார்த்து வைத்திருப்பது ஐ5-1235யு போட்ட மெல்லிய லேப்டாப்: 8 ஜிபி டிடிஆர்4-3200, என்விஎம்இ எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

வேலை மூன்று வகை. நடுத்தர அளவு சி++ ப்ராஜெக்ட்டைக் கம்பைல் செய்வது (எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றுவது; முழு பில்ட் சுமார் 15 நிமிடம்), ரா ஃபோட்டோ திருத்தம், எப்போதாவது வீடியோ எடிட்டிங்.

விவரப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 4770-க்கு அடிப்படை கிளாக் 3.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.9, 84 வாட். 1235யு-வுக்கு அடிப்படை 1.3 கிகாஹெர்ட்ஸ், வெறும் 15 வாட். ஆனால் பெஞ்ச்மார்க் பட்டியல்களில் லேப்டாப்தான் மேலே நிற்கிறது. பாதி கிளாக்கூட இல்லாத, ஐந்தில் ஒரு பங்கு வாட்கூட எடுக்காத சிப் எப்படி முந்தும்? ஐ7-ஐ ஐ5 ஜெயிக்குமா? பட்டியலை நம்பி மாறலாமா?

---

சிலிக்கான்_மணல்

கிகாஹெர்ட்ஸ் ஒரே குடும்பத்துச் சிப்களுக்குள் மட்டும்தான் பேசும். 2013-இன் ஹாஸ்வெல்லையும் (உங்கள் 4770-இன் குடும்பம்) 2022-இன் ஆல்டர் லேக்கையும் (1235யு-வின் குடும்பம்) அதை வைத்து எடை போட முடியாது.

ஹாஸ்வெல் கோர் ஒரு கிளாக் சுற்றில் 4 கட்டளைகளை டீகோட் செய்யும். 1235யு-வில் உள்ள பெரிய கோர் (கோல்டன் கோவ்) 6 செய்யும். வரிசை மாற்றி ஓட்டுவதற்காகக் கையில் பிடித்து வைத்திருக்கும் கட்டளைகள் ஹாஸ்வெல்லில் 192, இதில் 512. கோருக்கான எல்2 கேஷ் (கோரின் அருகிலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) அங்கே 256 கேபி, இங்கே 1.25 எம்பி. அதனால் ஒரே கிளாக்கில் ஓடினாலும் புதிய கோர் நன்றாகவே முந்தும்.

அந்த 1.3 கிகாஹெர்ட்ஸ் பயமுறுத்துவதற்குக் காரணம் அதன் பொருள் சரியாகப் புரியாததுதான். 15 வாட்டுக்குள் எல்லாக் கோருக்கும் பாரம் ஏற்றினாலும் பெரிய கோர் இதற்குக் கீழே போகாது என்று தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் அது. வழக்கமாக ஓடும் வேகம் அதுவல்ல. ஒரு த்ரெட் (ஒரு நேரத்தில் ஓடும் ஒரு கட்டளை வரிசை) வேலையில் பெரிய கோர் 4.4 வரை ஏறும். 4.4-க்கு எதிரே 3.9, அதோடு சுற்றுக்கு அதிக வேலை. இரண்டும் சேர்ந்து ஒற்றை த்ரெட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல் வருகிறது. நிரல் திறப்பது, பிரவுசர், ஃபோட்டோவில் ஸ்லைடரை இழுத்ததும் படம் மாறுவது, பில்ட்டின் கடைசியில் துண்டுகள் ஒன்றாக லிங்க் ஆகும் கட்டம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

கோர் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம். 1235யு-வில் 10 கோர் என்றாலும் பெரியவை 2 மட்டுமே. ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு த்ரெட் ஓட்டும் வசதி) உள்ளதால் அவை 4 த்ரெட்; மீதி 8 சின்னக் கோருக்கு அது இல்லை, 8 த்ரெட். ஆக 12. சின்னதுதானே என்று ஒதுக்க வேண்டாம், அவை 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். சுற்றுக்கு ஸ்கைலேக் அளவு வேலை செய்யும் என்பது இன்டெல் சொல்லும் கணக்கு. ஸ்கைலேக் என்பது உங்கள் 4770-க்குப் பின்னால் வந்த தலைமுறை.

வாட் விஷயம்: சிப் இழுக்கும் மின்சாரம் கிளாக்குக்கு நேர் விகிதம், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம். 1.2 வோல்ட்டில் ஓடுவதை 0.8 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், கிளாக்கைத் தொடாமலே மின்சாரம் 44 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 22 நானோமீட்டரில் செய்த பழைய சிப்புக்கு அந்த வசதி குறைவு.

ஐ7, ஐ5 என்பதெல்லாம் அந்தந்த வருடத்துக்கு, அந்தந்த வரிசைக்குள் மட்டும் செல்லும் பட்டம். லேப்டாப்புக்கு வந்த ஐ7-7500யு-வில் வெறும் 2 கோர்தான். உங்கள் பழைய 4770 அதைப் பல த்ரெட் வேலையில் அனாயாசமாகத் தாண்டும்.

---

பழைய_மதர்போர்டு

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேட்டவருக்கு 15 நிமிட பில்ட் இருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும்.

லேப்டாப் சிப்புக்கு இரண்டு மின் வரம்பு உண்டு. குறுகிய நேர வரம்பு பிஎல்2, நீண்ட நேர வரம்பு பிஎல்1. 1235யு-வுக்கு இன்டெல் தரும் அதிகபட்ச டர்போ மின்சாரம் 55 வாட், அடிப்படை 15 வாட். பிஎல்2 பெரும்பாலும் 28 வினாடி அளவுக்குத்தான்; பிறகு பிஎல்1-க்கு இறங்கும். 15 நிமிடம் என்றால் 900 வினாடி. அதில் 28 வினாடி என்பது 3 சதவீதம். மீதி 97 சதவீத நேரம் சிப் எத்தனை வாட்டில் நிற்கிறது என்பதே உங்கள் பில்ட்டுக்கான விடை.

அந்த பிஎல்1-ஐ லேப்டாப் தயாரிப்பாளர் தன் ஹீட்சிங்குக்கு ஏற்ப மாற்றி வைப்பார். ஒரே 1235யு ஒரு மாடலில் 12 வாட்டிலும் இன்னொன்றில் 25 வாட்டிலும் நிற்கலாம். பெட்டி மேல் ஒட்டும் ஸ்டிக்கர் இரண்டுக்கும் ஒன்றே. 15 வாட்டில் 10 கோரும் பங்கு போட்டுக்கொள்ளும்போது பெரிய கோர்கள் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். உங்கள் 4770-ஓ கூலர் ஒழுங்காக இருந்தால் 4 கோரையும் 3.7-இல் வைத்து நாள் முழுக்க ஓடும்.

என் மதிப்பீடு: பிஎல்1 25 வாட் என்றால் முழு பில்ட்டில் லேப்டாப் தெளிவாக முந்தும். 15 வாட் என்றால் கொஞ்சம் முந்தும், அதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. 12 வாட், அதுவும் ஒற்றை ரேம் என்றால் உங்கள் பழைய பெட்டியோடு தோள் உரசும், சில சமயம் தோற்கும்.

பட்டியல் மதிப்பெண்களில் இந்த வேறுபாடு தெரியாது. பலவகை லேப்டாப்களில் ஓடியதைச் சேர்த்துச் சராசரி எடுத்திருப்பார்கள். சோதனையும் குறுகியது, பிஎல்2 காலத்திலேயே பாதி முடிந்திருக்கும். லேப்டாப் மதிப்பெண் என்பது சிப்பும் பெட்டியும் சேர்ந்து வாங்கும் மதிப்பெண். டெஸ்க்டாப் சிப்பை எந்தப் பெட்டியில் வைத்தாலும் பெரிதாக மாறாது.

---

நினைவகப்_பேருந்து

ரேம் பற்றி யாரும் பேசவில்லை, அங்கேதான் இந்த லேப்டாப் சறுக்கும்.

உங்கள் டெஸ்க்டாப்பில் டிடிஆர்3-1600 இரண்டு சேனலில் (சேனல் என்பது ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாதை). 1600 × 8 பைட் × 2 = வினாடிக்கு 25.6 ஜிபி. லேப்டாப்பில் டிடிஆர்4-3200, 8 ஜிபி ஒரே துண்டு என்றால் ஒரே சேனல். 3200 × 8 = அதே 25.6 ஜிபி. ஒன்பது வருடம் கழித்து வந்த சிப்புக்கும் அதே அகலக் குழாய்தான். போதாததற்கு அந்தக் குழாயிலேயே கிராஃபிக்ஸும் வாய் வைக்கிறது. 1050 டிஐ-க்கு 112 ஜிபி தனியாக இருக்கிறது.

ஒற்றைச் சேனலை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: இந்த வகை இன்டெல் லேப்டாப்பில் டூயல் சேனல் இருந்தால் கிராஃபிக்ஸின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும், இல்லையென்றால் யுஹெச்டி கிராஃபிக்ஸ் என்று இறங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே தெரியும்.

கம்பைலுக்கு அளவும் முக்கியம். டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் தின்னலாம். 12 த்ரெட் இருக்கிறதே என்று 12 வேலையை ஒன்றாக விட்டால் 8 ஜிபி நிரம்பி எஸ்எஸ்டிக்கு வழிய ஆரம்பிக்கும். அப்புறம் ப்ராசஸர் 30 சதவீதத்தில் சும்மா நிற்கும், பில்ட் மட்டும் நீளும். 16 ஜிபி போடும் வரை இணை வேலைகளை 4 அல்லது 5-க்கு மேல் விடாதீர்கள். அதற்கு மேல் விட்டால் 12 த்ரெட் இருப்பதில் பயனே இல்லை.

---

குளிர்விசிறி

ஊகம் போதும், அளந்துவிடுங்கள். அந்த மாடலை ஒரு மணி நேரம் கையில் வைத்துப் பார்க்க முடிந்தாலே எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு கணினியிலும் இதே வரிசையில்:

1. சார்ஜர் செருகியிருக்கட்டும், பவர் மோடு உச்சத்தில். பல மாடலில் விண்டோஸ் அமைப்புக்கு மேலே தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளிலும் ‘சைலன்ட்’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். பிஎல்1-ஐ மாற்றுவது அதுதான். மறந்தால் அளவு முழுக்க வீண்.

2. விண்டோஸ் அப்டேட் முடிந்திருக்க வேண்டும். புதிதாக ஆன் செய்த லேப்டாப்பில் முதல் அரைமணி பின்னணியில் ஏதேதோ ஓடிக்கொண்டிருக்கும்.

3. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைச் சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிபியூ பேக்கேஜ் பவர், எஃபெக்டிவ் கிளாக், பேக்கேஜ் வெப்பம், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) ஆமா இல்லையா. சாதாரண கிளாக் எண்ணைப் பார்க்க வேண்டாம். இடையிடையே கோர் தூங்கினாலும் அது உச்சத்தையே காட்டும். எஃபெக்டிவ்தான் உண்மை.

4. சினிபெஞ்ச் ஆர்23 என்ற ப்ராசஸர் சோதனையில் ஒற்றைக் கோர் ஒரு முறை. பிறகு மல்டி கோர் இரண்டு விதமாக: குறைந்தபட்ச நேரத்தை அணைத்து ஒரே ஓட்டம், 10 நிமிடத்துக்கு வைத்து ஒரு ஓட்டம். இரண்டுக்கும் நடுவே 5 நிமிடம் ஆறவிடுங்கள். 10 நிமிட மதிப்பெண் 10 சதவீதத்துக்குள் இறங்கினால் நல்ல பெட்டி. 25 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அந்தச் சிப்பை அந்த உடம்பு தாங்கவில்லை.

5. அந்த 10 நிமிட ஓட்டத்தில் 3-ஆவது நிமிடத்துக்குப் பிறகு பேக்கேஜ் பவர் எந்த எண்ணில் நிலைக்கிறதோ அதுதான் நடைமுறையில் பிஎல்1. வெப்பம் 75 டிகிரியில் நின்று மின்சாரமும் 15 வாட்டில் நின்றால் கட்டுப்படுத்துவது அமைப்பு. 95-ஐத் தாண்டி வாட் ஏறி இறங்கினால் கட்டுப்படுத்துவது வெப்பம். முதலாவதற்குப் பவர் மோடு மாற்றலாம். இரண்டாவதற்குப் பின்பக்கத்தை 2, 3 சென்டிமீட்டர் தூக்கி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், அடியில் காற்று உறிஞ்சும் மாடல்களில் வித்தியாசம் தெரியும்.

6. சினிபெஞ்ச் ரேமை அதிகம் தொடாது. அதனால் கோப்பு சுருக்கும் மென்பொருளான 7-ஜிப் உள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கையும் ஓட்டுங்கள், டிக்‌ஷனரி 32 எம்பி. சினிபெஞ்சில் முந்தி 7-ஜிப் சுருக்கும் பகுதியில் பின்தங்கினால் ரேம்தான் கழுத்தைப் பிடிக்கிறது.

7. கடைசியாக உங்கள் சொந்த பில்ட். க்ளீன் செய்து மூன்று முறை ஓட்டி, கோப்புகள் இன்னும் நினைவகத்துக்கு வராத முதல் ஓட்டத்தைக் கழித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரி. பில்ட் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து இரண்டிலும் விலக்குங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து மூடும் வேலையில் அந்த ஸ்கேன் ப்ராசஸர் வேறுபாட்டையே மறைத்துவிடும்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு 4-ஐ ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பேட்டரியில் பல மாடல் மளமளவென்று இறங்கும்.

டெஸ்க்டாப்பை அளக்கும் முன் கூலரைப் பாருங்கள். அந்த சாக்கெட்டோடு வரும் கூலர் நாலு பிளாஸ்டிக் ஊசியில் நிற்பது. வருடக்கணக்கில் ஒரு ஊசி தளர்ந்தால் ஒரு மூலை தூக்கும். 4770 100 டிகிரி தொட்டு 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். மதர்போர்டின் பின்புறம் நாலு ஊசியும் முழுதாக விரிந்து நிற்கிறதா பார்த்து, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிது வையுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த எண்ணை வைத்து ‘லேப்டாப் இரண்டு மடங்கு வேகம்’ என்று எழுதுபவர்கள் ஏராளம்.

---

காலவரிசை_எடிட்டர்

வீடியோவில் கணக்கு வேறு. அங்கே ப்ராசஸரைவிட, சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வீடியோ டீகோடர்தான் முக்கியம்.

4770-இன் உள்ளமை கிராஃபிக்ஸால் ஹெச்இவிசி (ஒரு வீடியோ சுருக்க முறை) வீடியோவை முழுமையாக ஹார்டுவேரில் பிரிக்க முடியாது. நல்லவேளை, 1050 டிஐ 10-பிட் ஹெச்இவிசி வரை பார்த்துக்கொள்ளும். ஆனால் கேமரா 4:2:2 (கூடுதல் நிறத் தகவல் வைக்கும் வகை) 10-பிட் ஹெச்இவிசியில் எடுத்தால் அது கையை விரித்துவிடும், பாரம் முழுக்க 4 கோர் மேல் விழும், டைம்லைன் திக்கும். அதே கோப்பு 1235யு-வின் உள்ளமை வீடியோ ஹார்டுவேரான குவிக் சிங்கில் வழுக்கிக்கொண்டு போகும். ஏவி1 என்ற இன்னொரு சுருக்க முறை வீடியோவும் அப்படியே: லேப்டாப்பில் ஹார்டுவேர் டீகோட், உங்கள் டெஸ்க்டாப்பில் இரண்டு சிப்பிலும் கிடையாது.

எஃபெக்ட், கலர் கிரேடிங், இரைச்சல் நீக்கம் என்று போனால் 1050 டிஐ தன் சொந்த 4 ஜிபியோடு முன்னே நிற்கும். டாவின்ச்சி ரிசால்வ் மாதிரி ஜிபியூவை நம்பும் மென்பொருளில், அதுவும் 8 ஜிபியைப் பங்கு போடும் லேப்டாப்பில், உட்காரவே முடியாது. வெட்டி ஒட்டி ஏற்றுமதி செய்வது மட்டும் என்றால் லேப்டாப் போதும்.

இன்னொன்று: ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டு விண்டோவை மினிமைஸ் செய்தால் விண்டோஸ் 11 அதைப் பின்னணி வேலை என்று நினைத்துச் சின்னக் கோர்களுக்குத் தள்ளிவிடலாம். நேரம் திடீரென்று நீண்டால் முதலில் விண்டோவை முன்னே கொண்டுவந்து பாருங்கள். விண்டோஸ் 10-இல் சிக்கல் இன்னும் அதிகம். பெரிய கோர் எது, சின்னது எது என்று சிப் தரும் குறிப்பைப் படிக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

---

சிலிக்கான்_மணல்

விண்டோஸ் பேச்சு வந்ததால் ஒன்று. விண்டோஸ் 10-க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும், 4770 4-ஆம் தலைமுறை. டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்வதானால் லினக்ஸுக்கு மாற்றுவது நேர்வழி, கம்பைல் வேலைக்கு அது இன்னும் தோது. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பேட்ச்கள் ஹாஸ்வெல்லையும் அதற்கு முந்தையவற்றையும் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும். பழைய விமர்சனங்களில் இருக்கும் 4770 எண்கள் அந்தப் பேட்சுக்கு முந்தியவை என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த மாடல் அமையாமல் வேறு பார்த்தால், இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள்: 1235யு 15 வாட், 1240பி 28 வாட், 12500ஹெச் 45 வாட். பின்னிரண்டிலும் பெரிய கோர் 4. பில்ட்டுக்கு அதுதான் சரியான வண்டி. ஏஎம்டியில் எண்ணே ஏமாற்றும். ஜென் என்பது அவர்கள் கோர் கட்டமைப்பின் பெயர், எண் கூடினால் புதியது: ரைசன் 5 5500யு ஜென் 2, 5600யு ஜென் 3. 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் கட்டமைப்பு: 7520யு ஜென் 2, 4 கோர், எல்3 கேஷ் 4 எம்பி, 7530யு ஜென் 3, 7540யு ஜென் 4. முன்னால் 7 இருக்கிறதே என்று 7520யு-வை வாங்கினால் 5600யு-வுக்குப் பின்னால் நிற்பீர்கள்.

---

பிட்டும்_பைட்டும்

அளந்தாயிற்று. பெர்ஃபார்மன்ஸ் மோடில் பேக்கேஜ் பவர் 20 வாட்டில் நிலைக்கிறது, வெப்பம் 81. சினிபெஞ்ச் 10 நிமிட ஓட்டத்தில் இறக்கம் 14 சதவீதம். அப்போதும் 4770-க்கு மேலேதான். 7-ஜிப் சுருக்குவதில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்ட சமம். கிராஃபிக்ஸ் பெயர் யுஹெச்டி என்று காட்டுகிறது. 8 ஜிபி போர்டிலேயே சால்டர் ஆனது, ஒரு சோடிம் (லேப்டாப் ரேம் துண்டு) ஸ்லாட் காலி. அதில் 8 போடுவதா 16 போடுவதா?

---

நினைவகப்_பேருந்து

7-ஜிப் சமமாக வந்ததும் யுஹெச்டி என்று காட்டுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறி.

டிடிஆர்4-3200, 1.2 வோல்ட் சோடிம் வாங்குங்கள். 2666 போட்டால் சால்டர் ஆனதும் சேர்ந்து 2666-க்கு இறங்கிவிடும். 8 போட்டால் முழு 16 ஜிபியும் டூயல் சேனல். 16 போட்டால் மொத்தம் 24. அதில் 8+8 இரண்டு சேனலில் ஓடும், மிஞ்சும் 8 ஒற்றைச் சேனலில். அந்தக் கடைசி 8 மெதுவாக ஓடினாலும் எஸ்எஸ்டிக்கு வழிவதைவிட எவ்வளவோ மேல். 12 வேலை ஒன்றாக விடப் போகிறீர்கள் என்பதால் 16 போடுங்கள். மூடியைத் திறக்கும் முன் பயாஸில் பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். புதிய ரேம் போட்டதும் முதல் பூட் ஒரு நிமிடம் வரை கறுப்புத் திரையில் நிற்கலாம், ரேமைப் பழகிக்கொள்கிறது, பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். உள்ளே வந்ததும் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் துண்டைக் கழற்றி 30 டிகிரி சாய்வில் தங்க முனை மறையும்வரை தள்ளி, பிறகு அழுத்திப் பூட்டுங்கள். பிறகு 6-ஐயும் 7-ஐயும் மறுபடி ஓட்டி எண்ணை இங்கே போடுங்கள்.

---

பழைய_மதர்போர்டு

20 வாட் நிற்கிறதென்றால் என் ஆட்சேபம் போயிற்று, பில்ட்டுக்கு லேப்டாப்தான். டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம், கிரேடிங் வேலைக்கு 1050 டிஐ அப்படியே இருக்கட்டும். ஆனால் நாள் முழுக்க ஆன் செய்து வைக்காதீர்கள்: சும்மா நிற்கும்போதே லேப்டாப்பைவிட 40 வாட் கூடுதல் என்று வைத்தால், தினம் 8 மணி நேரத்துக்கு 0.32 யூனிட், வருடத்துக்கு சுமார் 117 யூனிட்.